இழுத்த கை

என் நாத்தனார் எதிரில் நூல் தொங்குகிற புடவையோடு யாரும் நிற்க முடியாது. பேசிக்கொண்டே இருப்பார், கை தானாக வரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த நூலைப் பிடிக்கும், ஒரு இழு, முடிந்தது. நூல் வந்தால் சரி. வராமல் துணி சுருங்கிக்கொண்டு வந்தாலும் விடமாட்டார். "இரு, இரு, வந்துடும்" என்று இன்னும் இழுப்பார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நான் நுழைந்த அன்று என் கூறைப்புடவை முந்தானையில் ஒரு இழை பிரிந்திருந்தது. ஆரத்தித் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை இழுத்துவிட்டார். அரை முழத்துக்கு முந்தானை சுருங்கிப்போனது. ஆரணியில் என் அப்பா தன் கையால் நெய்த புடவை அது. வாசலிலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரோ சிரித்துக்கொண்டே, "தொங்குறதை வுடக்கூடாது பொண்ணே. வெளிய வந்தாதான் நல்லது" என்றார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் குடும்பத்தில் மிச்சம் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், இந்த வயதில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது நீளமான ஓட்டு வீடு. முன்பக்கம் இரண்டு குழித்தறி, நடுவில் சமையல், பின்னால் கிணறு. தெருவில் ரேடியோ வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற காலம். மாமனார் போய்ச் சேர்ந்திருந்தார். மாமியார், என் வீட்டுக்காரர், அவருக்கு மூத்த அக்காவான அண்ணி, நான், இவ்வளவுதான் ஆட்கள். அண்ணி புருஷன் வீட்டிலிருந்து வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஏன் வந்தார் என்பதை எனக்கு யாரும் உடனே சொல்லவில்லை.

அவர் வேலை இழை புணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலான பாவு ஒன்று முடிந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார், முறுக்குவார், அடுத்தது. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தலையைத் தூக்குவார். தெருவில் மற்ற வீடுகளிலும் கூப்பிடுவார்கள். அந்த வேலையைச் செய்கிற கைக்கு ஓய்வு கிடைத்தால் அது எங்கே போகும்? எங்கள் மேல்தான் வந்தது.

பால் பல் ஆடுகிற குழந்தைகள் எங்கள் வாசலைத் தாண்டும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடும். காலில் முள் ஏறியவர்கள் அவரிடம் காட்டாமல் நொண்டுவார்கள். கட்டி பழுக்கும்வரை பொறுக்கமாட்டார். "உள்ள வச்சிக்கினு இருந்தா உடம்புக்கு ஆவாது" என்று அமுக்கிவிடுவார். ஒருமுறை அம்மன் கோயில் கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு பெண்ணின் ரவிக்கை முதுகில் நூல் தொங்கியிருக்கிறது. அண்ணி கையை நீட்டி இழுத்தார். அந்தப் பெண் கழுத்துச் சங்கிலிக்குத்தான் கை வந்தது என்று நினைத்துக் கத்திவிட்டாள். பிரகாரமே திரும்பிப் பார்த்தது. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அண்ணி கொஞ்சமும் கூச்சமில்லாமல் அந்த நூலை அவள் முகத்துக்கு நேராகக் காட்டி, "இதாம்மா, இதுக்குத்தான்" என்கிறார். வீடு வந்து சேரும்வரை அவரோடு நான் பேசவில்லை. என்னமோ நான்தான் தப்புச் செய்த மாதிரி வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

எரிச்சலாக வரும். ஆனால் பாசம் இல்லாத மனுஷி என்று சொல்ல முடியாது. நான் உண்டாகியிருந்த சமயம், வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்தபோது, மாங்காய் இஞ்சியை எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான். கொடுத்துவிட்டு என் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நல்லபடியா வெளிய வந்தா போதும்" என்பார். யார் வேண்டுமானாலும் சொல்கிற வார்த்தைதான். அவர் வாயால் கேட்கும்போது மட்டும் என் கை தானாக வயிற்றை மூடிக்கொள்ளும்.

ஏன் என்றால் அதற்குள் எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு மதியம் தறியில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அண்ணிக்கு ஒரு பையன் இருந்தான். தத்தித் தத்தி நடந்து, அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்த வயது. வைகாசியில் கருட சேவை பார்க்க அவனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் பையனுக்குக் காய்ச்சல். வயிறு உப்பிக்கொண்டது. வயிற்றில் பூச்சி என்று எல்லோருக்கும் தெரியும். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் வாந்தி. வாந்தியோடு வாயில் வெள்ளையாக ஒன்று வந்து தொங்கியது. அண்ணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தார். முழுதாக வந்துவிட்டது. பையன் பெரிதாக ஒரு விக்கல் விக்கினான், கண்ணை மூடிக்கொண்டான். பொழுது சாய்கிற நேரத்தில் உயிர் போய்விட்டது.

சாவுக்கு வந்த புருஷன் வீட்டார் நடந்ததைக் கேட்டார்கள். "தானா வந்திருக்கும். இவ இழுத்ததுல உள்ள இன்னாவோ அறுந்து பூட்ச்சு. புள்ளய இழுத்துக் கொன்னுட்டா" என்று நடுத்தெருவில் நின்று மாமியார்க்காரி சொன்னாளாம். காரியம் முடிந்ததும் போய்விட்டார்கள், அண்ணியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. புருஷன் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

அண்ணி அந்தப் பேச்சை ஒத்துக்கொள்ளவே இல்லை. "இழுக்காம வுட்டிருந்தா அப்பவே மூச்சு அடைச்சிருக்கும். நான் இழுத்ததாலதான் சாயந்தரம் வரைக்கும் இருந்தான்" என்பார். யாரும் கேட்காமலே சொல்வார். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், புணைக்கப் போன வீட்டில், என்னிடம், வளையல்காரரிடம். இதை நம்பித்தான் அவர் சோறு தின்றார், தூங்கினார், எழுந்தார். சின்ன வயதிலிருந்தே இழுக்கிற கைதானாம் அது. பையன் போனபிறகுதான் கட்டுக்கு அடங்காமல் போனது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இழுத்தால் நல்லது என்று ஒவ்வொரு நாளும் யாருக்காவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது அவருக்கு.

இந்த நிலைமையில்தான் அந்தப் பூனைக்குட்டி வந்து சேர்ந்தது.

பாவுக்குக் கஞ்சி போடுவோம். சோற்றுக் கஞ்சி. அந்த வாசனைக்கு எலி வரும், வந்தால் பட்டு இழையைக் கடித்துவிட்டுப் போகும். அதனால் நெசவு வீடுகளில் பூனையை யாரும் விரட்டமாட்டார்கள். எங்கள் வீட்டுக் கிழட்டுப் பூனை செத்துப்போனதும் எலிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. தென்னேரியிலிருந்து வைக்கோல் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவரிடம் மாமியார் சொல்லிவைத்தார். அவர் ஒருநாள் வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் கோடு போட்ட பெண் குட்டி. பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்.

வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. காலெல்லாம் குச்சி, முடி சிலிர்த்துக்கொண்டு மினுமினுப்பே இல்லாமல் கிடந்தது. நன்றாகத் தின்கிறது, அதனால் வயிறு என்று மாமியார் சொன்னார். தின்றதுதான். தட்டை நக்கி நக்கி நகர்த்திக்கொண்டே போகும். ஆனால் முதுகெலும்பு ஒவ்வொரு முடிச்சாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு காலை சமையல்கட்டு மூலையில் கக்கியது. நான் சாம்பல் போட்டு அள்ளலாம் என்று குனிந்தேன். பாலுக்கு நடுவே வெந்த சேமியா மாதிரி மூன்று நான்கு கிடந்தன. ஒன்று சுருண்டு விரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி நான், அங்கேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார். கீழே பார்த்தார். அவர் முகம் அப்படி ஆகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டார். எதைக் கண்டாலும் நீளுகிற அந்தக் கை இடுப்பை விட்டு வரவில்லை.

"தூக்கி வேகவதி ஆத்தங்கரையில வுட்டுட்டு வரச் சொல்லு" என்றார் மாமியார். "புள்ளத்தாச்சி இருக்குற வூடு."

"வேணாம்" என்றார் அண்ணி.

"இன்னாடி வேணாம்?"

"இத நான் பாத்துக்கறேன். யாரும் தொடக்கூடாது."

நூல்கண்டு வைக்கிற மூங்கில் கூடையை எடுத்து, அடியில் துணி போட்டு, குட்டியை வைத்து மூடிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினார். தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, நானும் கூடப் போனேன். அங்கே எருமையும் எருதுமாக நின்றுகொண்டிருந்தன. டாக்டர் எங்கோ கிராமத்துக்குப் போயிருந்தார். கம்பவுண்டர்தான் இருந்தார். கூடையைத் திறந்து காட்டியதும் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்கமா? தெருவுல எத்தினி வோணும் உனக்கு?"

அண்ணி சிரிக்கவில்லை. "வயித்துல புழு. மருந்து குடுங்க" என்றார்.

அவர் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, நாங்கள் கொண்டுபோன சீசாவில் கொஞ்சம் மருந்து ஊற்றிக் கொடுத்தார். எத்தனை சொட்டு என்று சொன்னார். பாலில் கலக்காமல் நேராக வாயில் விட வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை, ஏனென்றால் உள்ளே மிச்சம் இருக்கிற முட்டை அதற்குள் பொரித்திருக்கும் என்றார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது திரும்பி வந்து, குனிந்து ஒரு எருமையின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டரிடம் கேட்டார்.

"ஐயா, வெளிய வந்து தொங்குச்சுன்னா இழுக்கலாமா?"

"இழும்மா. இன்னா இப்போ? எப்பிடியும் வெளிய வர்றதுதான" என்றார் அவர், நிமிராமலே.

வழி நெடுக அண்ணி அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். இழுக்கலாம்னு சொல்லிட்டாரு, கேட்ட இல்ல, ஆஸ்பத்திரிக்காரரே சொல்லிட்டாரு. எனக்குப் பாவமாக இருந்தது. இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று இத்தனை வருஷம் காத்திருந்த மனுஷி, எருமைக்கு அடியிலிருந்து அது வந்ததும் அள்ளிக்கொண்டு போகிறார்.

மருந்தை இங்க் ஃபில்லரில் எடுத்தோம். குட்டியைத் துணியில் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன், அண்ணி வாயோரத்தில் ஃபில்லரை நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். பாதியைத் துப்பி என் கையைப் பிராண்டியது. அடுத்த நாள் காலை கிணற்றடியில் அது மலம் கழித்தபோது கொத்தாக வந்தது. எல்லாம் விழுந்தும் ஒன்று மட்டும் பாதி உள்ளே பாதி வெளியே தொங்கியது. குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்து நின்ற இடத்திலேயே சுற்றியது.

அண்ணி ஒரு பழந்துணியை விரலில் சுற்றிக்கொண்டார். புழுவை வெறும் கையால் அவரால் தொட முடியாது. அருவருப்பு என்று நான் நினைத்திருந்தேன். பயம். துணி சுற்றிய விரல் நடுங்கிக்கொண்டுதான் போனது. பிடித்தார், மெதுவாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குட்டி உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து தன்னை நக்கிக்கொள்ள ஆரம்பித்தது.

அண்ணி அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா?" என்றார் என்னிடம். "பாத்தியா பொண்ணே, இழுத்தேன், வந்துடுச்சு. உசுரோட இருக்குதா இல்லியா?"

"இருக்குது அண்ணி."

"இருக்குது இல்ல?"

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் நான் பார்த்த அண்ணி வேறு ஆள். குட்டிக்கு வயிறு வற்றியது, முடி படிந்து பளபளத்தது, ஒரு சின்ன எலியைக்கூடப் பிடித்துக்கொண்டு வந்து மாமியார் பாயில் போட்டது. அண்ணி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். முதல்முறையாகப் பையன் பெயரை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். அவனுக்கு வெல்லம் பிடிக்கும், தறிக்குழிக்குள் இறங்கிக் காலைக் கட்டிக்கொள்வான், பாவு நூலைப் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டுவான் என்றெல்லாம் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நாளும் அவர் மேல் இருந்த என் கடுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

அண்ணியின் புருஷனுக்கு அக்கா முறையாகிற ஒரு அம்மாள் ஏதோ கல்யாணத்துக்காக எங்கள் தெருவுக்கு வந்திருந்தாள். அண்ணி தானாகப் போய் அவள் முன்னால் நின்றார். அந்த வீட்டு ஆட்கள் யாரோடும் அதுவரை பேசியதில்லை. குட்டியை அவள் மடியில் வைத்தார்.

"இதுக்கும் வந்துச்சு. வெளிய தொங்குச்சு. நான்தான் இழுத்தேன். பாருங்க, எப்பிடி ஓடுதுன்னு. ஆஸ்பத்திரியில கேட்டேன், இழுக்கலாம்னாங்க. ஊருக்குப் போனா சொல்லுங்க."

அந்த அம்மாள் குட்டியையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொல்றேம்மா" என்றாள். சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் அண்ணிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயம் எங்கள் தறி ஒன்றில் சந்தன நிறப் பாவு ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ மலையாளத்துக் கல்யாணத்துக்கு என்று, பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி கேட்டிருந்தார். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஒரு வெளிறிய நிறம். புணைத்து முடித்து அறுத்துப் போட்ட துண்டு நூல்கள் தறிக்குழி ஓரத்தில் கிடக்கும். கஞ்சி ஏறிய நூல். எலிக்குப் பிடிக்கிறது குட்டிக்கும் பிடித்தது. அதை உருட்டி விளையாடும், சப்பும். நாங்கள் பார்த்துச் சிரித்தோம். நூல் வாயில் போனால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. நாங்களே அறுக்கக் கத்தரி தேடாமல் பல்லால் கடித்து நூலோடு எச்சில் விழுங்குகிறவர்கள்.

ஒருநாள் குட்டி சாப்பிடவில்லை. மறுநாள் மஞ்சளாகத் தண்ணீர் கக்கியது. முதுகைக் கூன் போட்டுக்கொண்டு அடுப்பு மூலையில் உட்கார்ந்தது, தொட்டால் உறுமியது. வயிறு பழையபடி இறுகியிருந்தது.

"முட்ட பொரிச்சிருக்குது. அவரு சொன்னாரு இல்ல" என்றார் அண்ணி. இரண்டாம் தடவைக்கு நாளும் சரியாக வந்திருந்தது. எல்லாம் பொருந்தியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. மருந்து விட்டார். கொஞ்ச நேரத்தில் கக்கிவிட்டது. அடுத்த நாள் காலை குட்டி கிணற்றடியில் முக்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் வெளிறிய ஒன்று சளியும் மலமும் பூசிக்கொண்டு தொங்கியது.

நான் குட்டியைப் பிடித்துக்கொண்டேன், அண்ணி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை விரல் நடுங்கவில்லை. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. முகத்தில் சிரிப்புகூட இருந்தது. "வந்துட்டியா, வா" என்று புழுவிடம் பேசிக்கொண்டே பிடித்தார்.

கொஞ்சம் வந்தது, நின்றது. குட்டி கத்தியது. பூனைக்குட்டி அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. பச்சைப் பிள்ளையின் குரல்.

"வுட்டுடுங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போலாம்."

"இரு, இரு. வந்துடும்."

"கத்துது அண்ணி."

"அப்பவும்தான் கத்துச்சு. கெட்டியாப் புடி."

முதல் தடவை குட்டி கத்தவில்லை. நான் சொல்வதற்குள் அவர் இழுத்தார். இன்னும் நீளமாக வந்தது, கூடவே ரத்தம் வந்தது. என் கையிலிருந்த உடம்பு விறைத்தது, பிறகு தொய்ந்தது. அண்ணி கையை எடுத்துவிட்டார். அறுந்து வந்த நீளம் துணியோடு சுருண்டுகொண்டது. குட்டி சாகவில்லை, அதுதான் கொடுமை. அன்று முழுக்க மூலையில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சால் வாயில் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைத்தார். மறுநாள் பொழுது விடிந்து பார்த்தபோது அது ஆறிப்போயிருந்தது.

என் வீட்டுக்காரர் அதைத் துணியில் சுற்றிப் புதைக்க எடுத்துக்கொண்டு போனார். அண்ணி கிணற்றடிக்குப் போய், முந்தின நாள் எறிந்திருந்த அந்தப் பழந்துணியை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது, அலசிப் போடலாம் என்று இருக்கலாம். வாளித் தண்ணீரில் முக்கினார். அழுக்கு கரைந்தது. கையைத் தண்ணீருக்குள் விட்டு, துணியில் சுருண்டிருந்ததைப் பிரித்தார். அந்தத் தடவை துணியில்லாமல், வெறும் விரலால்.

விரல் நின்றுவிட்டது. வேறு யாருக்காவது அது என்ன என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். அவருக்குத் தொட்டதும் தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தொடுகிற இழை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை மெல்ல முறுக்கினார், முறுக்கு ஏறியது. புழு முறுக்கு ஏறாது. தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பிடித்தார். சந்தன நிறம், நடுவில் அவரே போட்ட புணைப்பு.

நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி அழவில்லை. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து உள்ளே போனார். எனக்குப் பயமாகிவிட்டது, பின்னாலேயே போனேன்.

மாமியார் ராட்டினத்தில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, அவன் வாயில வந்தது புழுதான?"

ராட்டினம் நின்றது. "இன்னாத்துக்கு இப்போ அந்தப் பேச்சு?"

"நீதான பக்கத்துல இருந்த. பாத்தியா?"

"நான் புள்ளயப் புடிச்சிக்கினு இருந்தேன். நீ இழுத்த, முந்தானையோட சுருட்டின, அந்தத் துண்டக் கிழிச்சி அப்பிடியே அடுப்புல போட்டுட்ட. நான் எங்க பாத்தேன்?"

"நெளிஞ்சுதா?"

"எனக்குத் தெரியாதுமா."

"அப்ப தறியில இன்னா பாவு ஓடிச்சு?"

மாமியார் ராட்டினத்தின் பிடியைத் தேடினார். அவருக்கு நினைவிருந்தது. அது எனக்கு முகத்தில் தெரிந்தது, அண்ணிக்கும் தெரிந்திருக்கும். கிழவி தலையைக் குனிந்துகொண்டு, "யாருக்கு ஞாபகம் இருக்குது அதெல்லாம்" என்று ராட்டினத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். அந்தப் பையன் செத்தபோது நான் ஆரணியில் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். இந்த வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

"நீ சொல்லு பொண்ணே. புழுதான?"

"புழுதான் அண்ணி."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நெளிஞ்சுதா?"

"நெளிஞ்சுது அண்ணி. நான் பாத்தேன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமா, நெளிஞ்சுது" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியார் போனார், அண்ணிக்குக் கண் மங்கிப் புணைக்கிற வேலையும் நின்றுபோனது. சோறு வடிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ திடீரென்று பக்கத்தில் வந்து நின்று, "நீ பாத்த இல்ல?" என்று கேட்பார். என்ன, எது என்று நான் கேட்டதே இல்லை.

"பாத்தேன் அண்ணி" என்பேன். அதைக் கேட்டுக்கொண்டு போய்ச் சாப்பிட உட்காருவார்.